கியோட்டோ ஒரு மாணவருக்கு என்ன தருகிறது?

ஜப்பானில் போய்ப் படிப்பது பற்றிப் பேச்சு வந்தால் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள்தான் முதலில் எழும். எவ்வளவு செலவாகும், முடித்ததும் வேலை கிடைக்குமா. இரண்டும் நியாயமான கேள்விகள். கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் குடும்பம் வேறு எதைக் கேட்கும்? ஆனால் இரண்டுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகும், கடை, பஸ், ஆஸ்பத்திரி என்று எங்கு போனாலும் ஜப்பானிய மொழியிலேயே புழங்க வேண்டிய ஒரு நகரத்தில் சில வருடம் வாழ்ந்து படிப்பதால் வருகிற லாபத்தில் பெரும்பகுதி சொல்லப்படாமலே நிற்கிறது. அதை விளக்குவதற்குக் கியோட்டோ நல்ல உதாரணம்.

டோக்கியோவை விட்டுவிட்டு இந்த ஊரை எடுப்பதற்குக் காரணம் உண்டு. சுமார் பதினான்கு லட்சம் பேர் வாழும் கியோட்டோவில் பத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் உயர்கல்வி மாணவர்கள் இருக்கிறார்கள். 794இல் தலைநகராக வகுத்தபோது கட்டம் கட்டமாகப் போட்ட தெரு அமைப்பு நகரின் நடுப்பகுதியில் இன்றும் தெரிகிறது. மூன்று பக்கம் மலை, நடுவில் கமோ ஆறு, ஊருக்குள் பெரும்பாலும் சமதரை. ஒரு சைக்கிள் இருந்தால் வகுப்பு, நூலகம், காய்கறிக் கடை எல்லாவற்றுக்கும் போய்வந்துவிடலாம். வாடகையும் டோக்கியோ அளவுக்கு இல்லை.

படிப்புக்கும் குறைவில்லை. கியோட்டோ பல்கலைக்கழகம் 1897இல் தொடங்கியது. 1949இல் ஜப்பானுக்கு முதல் நோபல் பரிசைக் கொண்டுவந்த இயற்பியலாளர் ஹிடெகி யுகாவா அங்கே படித்து அங்கேயே பேராசிரியராக இருந்தவர். 2012இல் ஷின்யா யமனாகா, 2018இல் தசுக்கு ஹோஞ்சோ என்று மருத்துவ நோபலும் அந்த வளாகத்துக்கு வந்திருக்கிறது. பழைய அரண்மனைத் தோட்டத்துக்கு வடக்கே இருக்கும் டோஷிஷா பல்கலைக்கழகத்தின் கதை வேறு மாதிரி. அதை 1875இல் பள்ளியாக ஆரம்பித்த ஜோ நீஜிமா, நாட்டை விட்டு வெளியேறுவதே மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த 1864இல் ஹகோடாட்டே துறைமுகத்திலிருந்து ரகசியமாகக் கப்பலேறியவர். அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1870இல் பட்டம் வாங்கி, ஊர் திரும்பிப் பள்ளி கட்டினார். வெளிநாட்டில் படித்த ஒரு மாணவர் தொடங்கிய இடத்தில்தான் இன்று வெளிநாட்டு மாணவர்கள் ஜப்பானிய மொழி படிக்கிறார்கள்.

ஜப்பான் கதவைத் திறந்து வைத்திருப்பது பெருந்தன்மையால் மட்டும் அல்ல. 1992இல் அங்கே பதினெட்டு வயதுக்காரர்கள் 20 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இப்போது சுமார் 11 லட்சம்தான். வகுப்பறைகள் காலியாகின்றன, தொழிற்சாலைகளுக்கு ஆள் பற்றவில்லை. 1983இல் ஒரு லட்சம் வெளிநாட்டு மாணவர் வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள், 2003இல் எட்டினார்கள். 2008இல் மூன்று லட்சம் என்றார்கள், 2019இல் அதையும் தாண்டினார்கள். இப்போதைய இலக்கு 2033க்குள் நான்கு லட்சம். சீனா, நேபாளம், வியட்நாம் நாட்டு மாணவர்களே அதிகம். இந்தியர்கள் மிகக் குறைவு, நம்மைவிட இலங்கையிலிருந்து போகிறவர்கள் அதிகம்.

சரி, போகிறவருக்கு என்ன கிடைக்கிறது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊர் தருவதெல்லாம் ஜப்பானிய மொழியின் வழியாகத்தான் கைக்கு வருகிறது. மொழி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் கிடைக்கும். ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிவிட்டு வருகிறவர் பட்டத்தோடு வருவார். ஆனால் அதே பட்டத்தை அவர் வேறு எந்த நாட்டிலும் வாங்கியிருக்க முடியும்.

இதைச் சொல்லக் காரணம், இப்போது ஆங்கிலத்திலேயே படித்து முடிக்கும் வசதி அங்கே வந்துவிட்டது. 2009இல் அரசு பதின்மூன்று பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலவழிப் பாடங்களைத் தொடங்க வைத்தது. கியோட்டோ, டோஷிஷா, ரிட்சுமெய்கன் என்று மூன்று கியோட்டோ பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. பொறியியல், உயிரியல் முனைவர் படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் பலரும் இந்த வழியில்தான் போகிறார்கள். ஆய்வுக்கட்டுரை ஆங்கிலம், பேராசிரியரோடு பேச்சு ஆங்கிலம். போதும் என்று தோன்றும்.

ஆனால் ஒரு ஜப்பானிய லேப் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இளநிலை நான்காம் ஆண்டில் மாணவர் ஒரு ஆய்வகத்தில் சேர்க்கப்படுகிறார். அவருக்கென்று ஒரு மேசை கிடைக்கும். அதன் பிறகு அதுதான் அவருடைய வீடு மாதிரி. கருவியை எப்படிக் கையாள்வது, எந்த வேதிப்பொருள் எந்த அலமாரியில், பேராசிரியருக்கு எந்த நேரத்தில் எதைக் காட்டக்கூடாது, இதெல்லாம் மூத்த மாணவர் இளையவருக்கு வாய்வழியாகச் சொல்லிக் கொடுப்பது. வாரம் ஒரு முறை ஒருவர் தன் வேலையை எல்லார் முன்னிலையிலும் வைப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். இன்னொரு நாள் புதிதாக வந்த கட்டுரையை ஒருவர் படித்து விளக்குவார். சுத்தம் செய்வது முறை வைத்து. வருடக் கடைசியில் பெரிய கூட்டுத் துப்புரவு, பேராசிரியரும் துணியோடு நிற்பார். ஒரு சோதனை ஏன் தோற்றது என்ற உண்மையான பேச்சு ஆங்கிலக் கூட்டத்தில் வராது. இரவு ஏழு மணிக்குக் கருவியின் பக்கத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டு ஜப்பானிய மொழியில் முணுமுணுப்பதில் வரும். அது காதில் விழுந்தும் புரியாதவர் தன் சோதனையை மட்டும் கற்றுக்கொள்கிறார். புரிந்தவர் ஒரு ஆய்வுக் குழுவை எப்படி நடத்துவது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறார். தன் தோல்வியைக் குறித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போகும் அந்தப் பழக்கம் எனக்குப் பெரிய சொத்தாகப் படுகிறது. நம் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் ஒருவர் போனதும் அவருடைய அறிவும் கூடவே போய்விடுகிறது.

மொழி கடினம் என்பார்கள். பாதி உண்மை. தமிழ் தெரிந்தவருக்கு அந்த வாக்கியம் அந்நியமாக இருக்காது. வினைச்சொல் கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால், எழுவாயை விட்டுவிட்டாலும் குறை இல்லை. ‘வருகிறேன் என்று சொன்னார்’ என்பதை அதே வரிசையில் ‘கிமாசு தொ இஇமாஷிதா’ என்று சொல்லலாம். நாம் ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோம், அவர்களும் சாப்பிடு என்ற வினையோடு பார் என்ற வினையைச் சேர்த்து ‘தபெதெ மிரு’ என்கிறார்கள். ‘செய்து வை’ என்பதற்கும் அப்படியே வைத்தல் என்ற வினைதான் துணைக்கு வருகிறது. ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர் மாதக்கணக்கில் திணறும் இடத்தை நாம் சுலபமாகக் கடந்துவிடுவோம். அவர்களுடைய எழுத்து வரிசையும் அ இ உ எ ஒ என்று தொடங்கி க ச த ந ஹ ம ய ர வ என்று போகும். புத்த பிக்குகள் படித்த சமஸ்கிருத எழுத்திலக்கணத்தின் சாயல் அது. தமிழும் ஜப்பானிய மொழியும் ஒரே குடும்பம் என்று ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டதை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது படிக்கிறவருக்கு நேரடி உதவி.

மீதிப் பாதி கான்ஜி. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலில் 2,136 சீன எழுத்துகள் இருக்கின்றன. பலவற்றுக்கு இரண்டு மூன்று உச்சரிப்பு. இங்கே குறுக்கு வழி கிடையாது, கட்டம் போட்ட நோட்டில் எழுதி எழுதித்தான் வரும். வகுப்பில் ஒரு வேடிக்கையான சமநிலை உருவாகும். சீன மாணவர் செய்தித்தாளின் தலைப்பைப் பார்த்ததும் பொருளைப் பிடித்துவிடுவார், வாய் திறந்தால் தடுமாறுவார். தமிழ் மாணவர் மளமளவென்று பேசுவார், தலைப்பைப் படிக்கத் தெரியாமல் நிற்பார். இருவரும் சேர்ந்து படித்தால் இரண்டு பேருக்கும் லாபம். அப்போது அவர்களுக்குள் பொது மொழி எது? ஜப்பானிய மொழி. தமிழரும் வியட்நாமியரும் கொரியரும் ஆங்கிலத்தின் தயவில்லாமல், ஒரு ஆசிய மொழியில் சண்டை போட்டுச் சமாதானம் ஆவதை வேறு எத்தனை ஊரில் பார்க்க முடியும்? உலகத்தை லண்டன், நியூயார்க் வழியாக மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இது புதிய வாசல். இந்த ஒன்றுக்காகவே போகலாம் என்பேன்.

வகுப்புக்கு வெளியே நகரம் தன் பங்குக்குப் பாடம் எடுக்கிறது. குடியேறிய 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், வெளிநாட்டவருக்குத் தரும் குடியிருப்பு அட்டையின் பின்பக்கத்தில் அதை அச்சடித்துத் தருவார்கள். தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும், சேர்ந்தால் ஆஸ்பத்திரிச் செலவில் 30 சதவீதம் மட்டும் நம் பங்கு. அப்புறம் குப்பை. எரிக்கிற குப்பைக்கு நகராட்சி விற்கும் மஞ்சள் பை, வாரம் இரண்டு நாள். டப்பா, பாட்டிலுக்கு ஒளி ஊடுருவும் பை, அதற்கு வேறு நாள். பிளாஸ்டிக் உறைக்கு இன்னொரு நாள். காலையில் குறித்த இடத்தில் வைத்து, காக்கை கிழிக்காமல் இருக்க வலையை இழுத்து மூட வேண்டும். தவறாகப் பிரித்த பையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி வண்டிக்காரர் அங்கேயே விட்டுவிட்டுப் போவார். அந்தப் பை தெருவில் தனியாக நிற்கும், யாருடையது என்று தெரு முழுக்கத் தெரியும். பக்கத்து வீட்டு மூதாட்டி வந்து எதை எதோடு போட வேண்டும் என்று எடுத்துக் காட்டுவார். பெரும்பாலும் அக்கம்பக்கத்தோடு மாணவருக்கு ஏற்படும் முதல் அறிமுகம் இதுதான். பொது இடத்தின் ஒழுங்கு என்பது அரசு செய்து தருவது அல்ல, தெருவில் இருப்பவர்கள் தினமும் செய்வது என்று புத்தகத்தில் படிப்பதும், ஸ்டிக்கர் ஒட்டிய பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதும் ஒன்றல்ல.

நகர அமைப்பு, கட்டிடக்கலை, வரலாறு படிக்கிறவருக்கு ஊரே பாடப்புத்தகம். 2007இல் கியோட்டோ தன் நடுப்பகுதியில் கட்டிட உயர வரம்பை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைத்தது, விளம்பரப் பலகைகளுக்கும் கடுமையான விதி போட்டது. உலகம் முழுக்கச் சிவப்பில் பளிச்சிடும் ஒரு கடைச் சங்கிலியின் பெயர்ப்பலகை இங்கே பழுப்பு நிறத்தில் அடக்கமாக இருக்கும். இதனால் மனை விலை, வீட்டு வசதி என்று எழுந்த சிக்கல்களைப் பற்றி ஊரில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. அதைக் கேட்கவாவது மொழி வேண்டும்.

ஜூலையில் கியோன் திருவிழா. 17ஆம் தேதியும் 24ஆம் தேதியும் மொத்தம் 34 ஊர்திகள் வலம் வருகின்றன. பெரியவை சுமார் 12 டன் எடை. தேர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வடம் பிடிப்பது புதிதல்ல, திருப்புவதுதான் ஆச்சரியம். தெருச் சந்திப்பில் ஊர்தி நின்றதும் சக்கரத்தின் அடியில் பிளந்த மூங்கில் பட்டைகளைப் பரப்பித் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆள் உயரச் சக்கரம் வழுக்கும் நிலைக்கு வந்ததும், மேலே நிற்பவர்கள் விசிறியை வீசிக் குரல் கொடுக்க, பக்கவாட்டில் கட்டிய கயிற்றை எல்லாரும் ஒரே மூச்சில் இழுப்பார்கள். ஊர்தி கிறீச்சிட்டுக்கொண்டு கொஞ்சம் திரும்பும். மறுபடி மூங்கில், மறுபடி தண்ணீர். இரண்டு மூன்று இழுப்பில் தொண்ணூறு டிகிரி திரும்பிவிடும். பல ஊர்திகளுக்கு இழுக்கும் ஆட்கள் அந்தத் தெருவில் இப்போது போதவில்லை, மாணவர்களும் வெளிநாட்டவரும் தொண்டர்களாகச் சேர்கிறார்கள். 1826இல் புயலில் சேதமான ‘தகா யமா’ என்ற ஊர்தி 196 வருடம் கழித்து 2022இல் மறுபடி வீதிக்கு வந்தது. ஒரு தெருக்காரர்கள் இத்தனை தலைமுறை தாண்டி ஒன்றை நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை அதன் பின்னால் நடந்துபோகும் மாணவர் மறக்கமாட்டார்.

எல்லாமே இனிமை என்று சொல்ல வரவில்லை. டோஷிஷாவின் இமாதெகவா வளாகத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கொரியக் கவிஞர் யுன் டோங்-ஜு அங்கே மாணவராக இருந்தபோது, 1943 ஜூலையில், கொரிய விடுதலை இயக்கத்தில் சேர்ந்தவர் என்று கைது செய்யப்பட்டார். 1945 பிப்ரவரியில் ஃபுகுவோகா சிறையில் இறந்தார். வயது 27. கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த அந்தக் காலத்தில் தன் தாய்மொழியில் கவிதை எழுதியவர் அவர். 1995இல் கல்லை நாட்டினார்கள், 2025இல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அங்கே படிக்கப் போகும் யாரும் அந்தக் கல்லின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும். ஜப்பானிய வகுப்புத் தோழரும் கொரிய வகுப்புத் தோழரும் ஒரே வரலாற்றை எவ்வளவு வேறு விதமாகப் படித்து வந்திருக்கிறார்கள் என்று அங்கே தெரியும். ஒரு நாட்டை நேசித்துக்கொண்டே அதன் குற்றத்தையும் அறிந்திருப்பது படித்தவருக்கு வேண்டிய பக்குவம்.

பகுதிநேர வேலை பற்றியும் சொல்ல வேண்டும். அனுமதி வாங்கிய மாணவர் வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம், நீண்ட விடுமுறையில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். கியோட்டோவில் குறைந்தபட்ச ஊதியம் 2023 அக்டோபரிலிருந்து மணிக்கு ஆயிரம் யென்னுக்கு மேல். காசைவிட அங்கே பேச்சுதான் பெரிய வரவு. ஒரு கன்வீனியன்ஸ் கடையின் கல்லாவில் நிற்பவர், சாப்பாட்டைச் சூடாக்கட்டுமா, பை வேண்டுமா, சாப்பிடும் குச்சி எத்தனை என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் முழு மரியாதை வடிவத்தில் கேட்க வேண்டும். 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு என்பதால் பைக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. ஜப்பானிய மரியாதைப் பேச்சில் எதிரில் இருப்பவரை உயர்த்தும் வடிவம், தன்னைத் தாழ்த்தும் வடிவம், பொதுவான பணிவு என்று அடுக்குகள் உண்டு. வகுப்பில் இது அட்டவணை. கல்லாவில் ஒரு மாதம் நின்றால் நாக்கில் ஏறிவிடும்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. படிப்பைவிட வேலையை எண்ணிப் போகிறவர்கள், போக வைக்கப்படுகிறவர்கள் பலர். தரகருக்குப் பெருந்தொகை கொடுத்து, வட்டிக்கு வாங்கிய கடனோடு ஒரு மொழிப் பள்ளியில் சேர்கிறார்கள். இரவெல்லாம் பார்சல் கிடங்கிலோ சாப்பாட்டுத் தொழிற்சாலையிலோ பேச்சே தேவைப்படாத வேலை, பகலில் வகுப்பில் தூக்கம். இரண்டு வருடம் ஜப்பானில் இருந்தும் மொழி வராமல், பல்கலைக்கழகத்திலும் சேர முடியாமல், விசா முடிந்து திரும்புகிறார்கள். நேபாள, வியட்நாம் மாணவர்களுக்கு நடந்த இந்த அநியாயம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நடக்கக்கூடாது. ‘வேலை செய்தே எல்லாச் செலவையும் சமாளித்துவிடலாம்’ என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். 28 மணி நேரச் சம்பளம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஓரளவு கைகொடுக்கும். கட்டணத்தையும் கடனையும் சேர்த்து அடைக்காது.

வீடு பிடிப்பதும் சிரமம்தான். உத்தரவாதம் கொடுக்க ஆள் அல்லது நிறுவனம் கேட்பார்கள், திரும்பி வராத ‘நன்றிப் பணம்’ ஒரு மாத வாடகை அளவுக்குக் கேட்பதும் உண்டு. வெளிநாட்டவர் என்றதும் கைவிரிக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். முதல் வருடம் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

வேலை என்ற கேள்விக்கு வருவோம். ஜப்பானிய நிறுவனங்கள் ஏப்ரலில் சேரப்போகிறவரை ஒரு வருடத்துக்கு முன்பே தேடத் தொடங்குகின்றன. மூன்றாம் ஆண்டிலேயே மாணவர்கள் கறுப்பு சூட் போட்டு நேர்முகத்துக்கு அலைகிறார்கள். ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை. பெரும்பாலான நிறுவனங்கள் என்2 அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கின்றன. 2019 மே மாதம் ஒரு புதிய விசா வழி வந்தது. ஜப்பானியப் பல்கலைக்கழகப் பட்டமும் என்1 தேர்ச்சியும் இருந்தால், மொழித்திறன் தேவைப்படும் பலவகை வேலைகளில் சேரலாம். பட்டத்தோடு மொழியும் இருப்பவருக்கு அரசே தனிக் கதவு வைத்திருக்கிறது.

திரும்பி வருகிறவர்கள் கொண்டுவருவதும் வீண் போவதில்லை. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகை என்ற மையத்தில் பல வருடங்களாக ஜப்பானிய மொழி கற்றுத் தருகிறார்கள். ஜப்பானில் பயிற்சி பெற்று வந்தவர்கள் கூடி உருவாக்கிய அமைப்பு அது. போகிறவர் முதலில் இப்படி ஒரு இடத்தில் என்4 வரையாவது முடித்துவிட்டுப் போவது நல்லது. ஹிரகானா என்ற அடிப்படை எழுத்திலிருந்தே கியோட்டோவில் போய்க் கற்கத் தொடங்கினால் முதல் ஆறு மாதம் தொடக்கப் பாடங்களிலேயே போய்விடும்.

செலவுக் கணக்கு இது. தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வகுத்த அடிப்படைக் கட்டணம் வருடத்துக்கு 5,35,800 யென், சேரும்போது ஒரு முறை 2,82,000 யென். வெளிநாட்டு மாணவருக்குக் கூடுதலாக வாங்க இப்போது அனுமதி இருப்பதால் சேரப்போகும் இடத்தின் கட்டணத்தை நேரடியாகப் பாருங்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் இதைவிட அதிகம். ஜப்பான் அரசின் உதவித்தொகை 1954இலிருந்து இருக்கிறது. அது கிடைத்தால் கட்டணமும் விமானச் செலவும் அவர்கள் பொறுப்பு, இளநிலை மாணவருக்கு மாதம் சுமார் 1,17,000 யென் கைக்கும் வரும். பட்டப்படிப்புக்கு முன் ஒரு வருடம் மொழிப் பயிற்சியும் அதிலேயே அடங்கும். முதுநிலை ஆய்வுக்கு விண்ணப்பிப்பவர் எந்தப் பேராசிரியரிடம் சேர விரும்புகிறார் என்பதையும் யோசித்து வைத்திருக்க வேண்டும். அவருடைய கட்டுரைகளைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதும்போது முதல் பத்தியையாவது ஜப்பானிய மொழியில் எழுதுங்கள்.